மோர்ப் பந்தலில் அழிக்காமல் விட்ட படம்

புதிதாகக் கேமராவைக் கையில் எடுத்திருக்கும் உங்களிடம் பேச உட்கார்ந்தால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். எந்த லென்ஸ் வாங்கலாம் மேடம்? சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். அதில் பின்னணி நன்றாக மங்குமா? மங்கும் கண்ணுகளா, அருமையாக மங்கும். உங்கள் கதாநாயகி மட்டும் பளிச்சென்று நிற்பாள். அவளுக்குப் பின்னால் நிற்கிற ஜனங்கள் எல்லாரும் தண்ணீரில் போட்ட வர்ணம் மாதிரி கரைந்துபோவார்கள். அப்படிக் கரைந்துபோனவர்களுக்குள் ஒரு மனிதரைத் தேடி நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு லென்ஸ் வாங்குங்கள்.

என்னைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நான் பிறவிப் பதற்றக்காரி. மந்தைவெளியில் ஸ்டூடியோ வைத்திருந்த காலமெல்லாம், வேலைக்குக் கிளம்பும்முன் பேட்டரியைத் தொட்டுப் பார்ப்பேன். ஆட்டோவில் ஏறியதும் பையைத் திறந்து மறுபடி தொட்டுப் பார்ப்பேன். பேட்டரிக்கு என்ன காய்ச்சலா என்று என் கணவர் கேட்பார். சிரித்துக்கொள்ளட்டும். இந்தத் தொழிலில் பயப்படாதவர்களிடம் நான் என் வீட்டுக் கல்யாணத்தை ஒப்படைக்க மாட்டேன்.

நான் ஸ்டூடியோவை மூடுவதற்கு முந்தைய பங்குனி அது. மயிலாப்பூரில் அறுபத்து மூவர் திருநாள். மாட வீதிகளில் அன்றைக்கு எள் போட்டால் கீழே விழாது என்று உங்களுக்கே தெரியும். தெற்கு மாட வீதியில் நீர்மோர்ப் பந்தல் போடும் சில வியாபாரிகள் வருடா வருடம் என்னைப் படம் எடுக்கக் கூப்பிடுவார்கள். பந்தலுக்கு மேலே நீல நிறத்தில் பிளாஸ்டிக் ஷீட் கட்டியிருந்தார்கள். பந்தலை ஒட்டி எனக்கென்று பலகையால் ஒரு மேடை. பின்னால் ஒரு மேஜையில் என் லேப்டாப். அவ்வப்போது நாலு படத்தை அவர்கள் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது உத்தரவு.

நாயன்மார்களின் பல்லக்குகள் வெயிலில் வந்துகொண்டிருந்ததால் கேமராவின் நிறக் கணக்கை வெயிலுக்கே வைத்திருந்தேன். நீல ஷீட்டுக்குக் கீழே நிற்பவர்கள் மட்டும் படத்தில் நீலம் பாய்ந்து தெரிந்தார்கள். அவர்களா முக்கியம் என்று விட்டுவிட்டேன். நீள லென்ஸ், முழுசாகத் திறந்த துவாரம், பல்லக்கும் பூவும் பளிச். பின்னால் கூட்டம் கரைந்து போனது. கார்டு நிறைந்துகொண்டு வந்தது. ஒளியைச் சரிபார்க்க நடுநடுவே அகல லென்ஸில் பந்தலையும் தெருவையும் சேர்த்து எடுத்த சோதனைப் படங்கள் அதில் நிறைய இருந்தன. அவற்றை அழித்துவிடலாமா என்று கட்டைவிரல் குப்பைத்தொட்டிப் பொத்தான்வரை போனது. பதற்றத்தில் வேறெதையாவது அழித்துத் தொலைப்பேன் என்று எனக்கு என்னைப் பற்றியே பயம். விரலை எடுத்துவிட்டு வேறு கார்டு போட்டேன்.

அப்போதுதான் மேடைக்குக் கீழே ஒரு மாமி வந்து நின்றார். அறுபத்தைந்து வயது இருக்கும். மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட புடவை. இரண்டு கையிலும் இரண்டு மோர் டம்ளர். ஒன்று பாதி கொட்டியிருந்தது. படம் எடுக்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்துக் கேமராவைத் தூக்கிவிட்டேன்.

"அவரைப் பார்த்தேளா?" என்றார். "இங்கதான் நின்னுண்டிருந்தார். ரெண்டு டம்ளர் வாங்கறதுக்கு ரெண்டு கை வேணுமேன்னு அவர் கையை விட்டேன். அவ்வளவுதான்."

அவர் கணவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாக ஞாபகம் நழுவிக்கொண்டிருக்கிறது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் சில நாள் திரும்புவார், சில நாள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று போய்க்கொண்டே இருப்பார். போன தடவை காணாமல் போனபோது கிண்டி ரயில் நிலையத்தில் நெற்றியில் ரத்தத்தோடு கிடைத்தார். கையில் போன் கிடையாது. மாமி இதையெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த டம்ளர்களைக் கீழே வைக்கத் தோன்றாமல் பிடித்துக்கொண்டிருந்தார். நான்தான் வாங்கி வைத்தேன்.

அவர் படம் இருக்கிறதா என்று கேட்டேன். மாமி போனைத் திறந்து தள்ளிக்கொண்டே போனார். பேரக் குழந்தைகள், மார்கழிக் கோலங்கள், சுவாமி அலங்காரங்கள், யாரோ அனுப்பிய காலை வணக்கம். கடைசியில் ஒரு படம் கிடைத்தது. அறுபதாம் கல்யாணத்தில் எடுத்தது. பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. அந்த ஆல்பத்தைச் செய்த புண்ணியவான் அவருக்குக் கன்னத்துச் சுருக்கத்தையெல்லாம் நீக்கி, தலைமுடிக்குக் கறுப்பேற்றி, நிறத்தையும் இரண்டு படி கூட்டியிருந்தான். இப்ப இப்படித்தான் இருப்பாரா என்று கேட்டேன். "இப்பவா, அப்பவே இப்படி இல்லை," என்றார் மாமி.

பந்தலில் வேலு என்று ஒருவர் உண்டு. ஆட்டோ ஓட்டுபவர், திருநாள் அன்று மோர் ஊற்ற வந்துவிடுவார். அந்தப் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இதை வைத்துத் தேடினால் மாமாவுக்குப் பதில் மாப்பிள்ளை கிடைப்பார் என்றார். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

போலீஸ் கூடாரம் நூறடி தூரத்தில்தான் இருந்தது. அங்கே சொல்லலாம் வாருங்கள் என்றேன். மாமி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம். மைக்ல சொல்லுவா. எங்க ஃபிளாட்ல பாதிப் பேர் இங்கதான் இருக்கா. பையன் காதுக்குப் போயிடும். இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா அப்பாவை ஹோம்ல சேர்த்துடணும்னு சொல்லிட்டான். பெருங்குடிப் பக்கம் ஒண்ணு பார்த்தும் வெச்சுட்டான். நான் பக்கத்துல இல்லேன்னா அவர் சாப்பிட மாட்டார்."

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நம்மிடம் லேப்டாப் இருக்கிறது, படம் இருக்கிறது, நாமே கண்டுபிடித்துவிடலாம் என்று கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. ஆனால் கூட்டம் நகர்ந்துகொண்டே இருந்தது, வெயில் கொளுத்தியது, அவர் காலையில் சர்க்கரை மாத்திரை போட்டவர். பையன் சொல்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஆள் வேண்டும் என்று மாமியிடம் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டு, வேலுவைக் கூடாரத்துக்கு அனுப்பினேன். கட்டம் போட்ட பழுப்புச் சட்டை, வேட்டி, தோளில் வெள்ளைத் துண்டு. இதுதான் எங்களிடம் இருந்த அடையாளம். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் அவர் பேர் கேட்டது. மாமி கண்ணை மூடிக்கொண்டார்.

நான் கழற்றி வைத்திருந்த பழைய கார்டை லேப்டாப்பில் செருகினேன். பல்லக்குப் படங்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் காலண்டரில் போடலாம், அவ்வளவு அழகு. ஒன்றும் உபயோகம் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தால் சுவாமிக்குப் பின்னால் இருந்த தலைகள் எல்லாம் கொழுக்கட்டை மாவு மாதிரி இருந்தன. பழுப்பாக ஒரு திட்டு தெரிந்தால் மாமி "இவர்தானோ" என்பார். அடுத்த படத்தில் அந்தத் திட்டு ஒரு பலூன்காரராக இருக்கும். நான் ஆசை ஆசையாக வாங்கிய லென்ஸ் அது. அன்றைக்கு அதைத் தூக்கித் தெப்பக்குளத்தில் போடலாம் போல இருந்தது.

எல்லாக் கணங்களையும் நானே எடுத்திருக்கிறேன், அவர் என் கண்ணெதிரேதான் போயிருக்கிறார், அது என் கார்டில் இருக்கிறது, ஆனால் தெரியவில்லை. அந்தத் தவிப்பை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஒலிபெருக்கியில் அவர் பேர் மறுபடி வந்தது. ஒரு குழந்தை காணோம் என்றும் கூடவே சொன்னார்கள்.

பிறகுதான் அந்தச் சோதனைப் படங்கள் ஞாபகம் வந்தன. அகல லென்ஸ், சின்னத் துவாரம், மோர் அண்டாவிலிருந்து எதிர்க் கடைப் பலகைவரை எல்லாம் ஒரே தெளிவு. பார்க்கச் சகிக்காத படங்கள். அதில் நாலாவதிலோ ஐந்தாவதிலோ, இடது ஓரத்தில், பந்தல் நிழல் முடிகிற இடத்தில் கட்டம் போட்ட சட்டை. முதுகுதான் தெரிந்தது. தோளில் துண்டு. மாமி திரையைத் தொட்டார்.

சரி, இருக்கிறார். எந்தப் பக்கம் போகிறார்? நிழலில் இருந்ததைத் தூக்கி வெளிச்சமாக்கினேன். கேமரா பார்த்ததைச் சுருக்காமல் அப்படியே 'ரா' ஃபைலாக எடுத்தால் இந்த ஒரு சௌகரியம், இருட்டுக்குள்ளும் விவரம் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அவருக்கு முன்னால் நாலைந்து பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பச்சைப் புடவை, கையில் தாளம். உங்களுக்குத் தெரிந்தவர்களா என்று மாமியிடம் கேட்டேன். இல்லை, பச்சைப் புடவையில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் யாரும் வரவில்லை என்றார் மாமி. அவர் சுவாமிக்குப் பின்னால்தான் போயிருப்பார், நான் ஊர்வலத்தோடு போய்ப் பார்க்கிறேன் என்று எழுந்தேவிட்டார்.

போகவிட்டிருப்பேன். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அந்தப் பச்சை என் கண்ணை உறுத்தியது. அழுக்குப் பச்சை, துணிக்கடையில் தொங்காத பச்சை.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் தி. நகரில் ஒரு கலர் லேபில் இருந்தேன். அங்கே நிறம் பார்க்கும் அக்கா ஒருத்தி, பிரிண்டைக் கையில் எடுத்ததும் முகத்தைப் பார்க்க மாட்டாள், புடவையைப் பார்க்க மாட்டாள். வெள்ளை எங்கே இருக்கிறது என்று தேடுவாள். வேட்டியோ, பல்லோ, சுவரோ, ஏதாவது ஒரு வெள்ளை. அது வெள்ளையாகாதவரை மற்ற எந்த நிறத்தையும் நம்பாதே என்பது அவள் கட்சி. கல்யாண ஆல்பம் ஒன்றில் நான் மணப்பெண்ணின் முகத்தை வைத்து நிறம் சரிசெய்யப் போய் மாப்பிள்ளை பச்சையாகிப் போன அன்றைக்கு அவளிடம் வாங்கிய திட்டு எனக்கு ஆயுசுக்கும் போதும்.

அந்தப் படத்தில் வெள்ளை எது? அவர் தோளில் கிடந்த துண்டு. திரையில் அது வெளிர் நீலமாகத் தெரிந்தது. இதுதான் வெள்ளை என்று காட்டி நிறத்தைச் சரிசெய்யும் சொட்டுக்குழாய்க் குறியை எடுத்துத் துண்டின் மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டினேன்.

நீல ஷீட்டின் நீலம் முழுக்க வடிந்தது. துண்டு வெள்ளையானது. முன்னால் போன பெண்களின் பச்சைப் புடவைகள் மாம்பழ மஞ்சளாயின. கறுப்பாகத் தெரிந்த பார்டர் அரக்கானது.

மாமி குனிந்து தன் புடவையைப் பார்த்துக்கொண்டார். பிறகு திரையைப் பார்த்தார்.

"அவர் எங்கேயும் போகலை," என்றார் மெதுவாக. "என் பின்னாடிதான் போயிண்டிருக்கார்."

கூடாரத்திலிருந்து திரும்பிய வேலுவுக்குப் படத்தைக் காட்டி, ஒரே மாதிரி புடவை கட்டிய இந்தக் கும்பல் யார் என்று கேட்டேன்.

"திருவாசகம் பாடுற லேடிஸ் மேடம். வேளச்சேரியாண்ட இருந்து வருசா வருசம் வர்றாங்கோ. சுத்தி முடிச்சிட்டு, கடைசியா நம்மகிட்ட மோர் குட்ச்சிட்டு, நேரா வண்டி ஏறிடுவாங்கோ. வேன் மந்தவெளி பக்கம் நிக்கும். இந்நேரம் கெளம்பியே இருக்கும்."

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். படம் சொன்னது ஒரே ஒரு கணம்தான். அந்தக் கணத்தில் அவர் அவர்களுக்குப் பின்னால் இருந்தார். அடுத்த பத்தடியில் ஒரு பல்லக்கு குறுக்கே வந்திருக்கலாம், அவர் வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். படத்தை எடுத்தவளுக்கே அதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. வேனைத் தேடிப்போய் அங்கே அவர் இல்லையென்றால் ஊர்வலத்தின் பக்கம் தேடுகிற நேரத்தை நான் தின்றவள் ஆவேன். அதனால் திருத்திய படத்தை வேலுவின் போனுக்கு அனுப்பி, போலீஸிடம் காட்டி ஊர்வலத்தின் பின்னால் பார்க்கச் சொன்னேன். மாமியை நான் கூட்டிக்கொண்டேன். மேடையையும் லேப்டாப்பையும் அப்படியே விட்டேன். பேட்டரியை இரண்டு தடவை தொட்டுப் பார்க்கிறவள், அன்றைக்கு என் மொத்த சாமானையும் மோர் ஊற்றுகிறவர்களிடம் விட்டுவிட்டு ஓடினேன். கழுத்தில் தொங்கிய ஒரு கேமரா மட்டும் கூட வந்தது.

மந்தைவெளிப் பக்கம் போகிற சந்துகள் எனக்கு மனப்பாடம். ஆனால் அன்று ஒவ்வொரு சந்திலும் ஜனங்கள் எதிர்த்து வந்தார்கள். மாமியின் கையை நான் விடவில்லை. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். என்னிடம் பேசுகிறார் என்று நினைத்தேன். உற்றுக் கேட்டால், இந்தப் புடவையைக் கட்டிக்கொள்ளச் சொன்னதே அவர்தான், அவர்தான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். தெரு முனையில் மஞ்சளாக எது தெரிந்தாலும் எங்கள் கால் தானாக வேகம் எடுத்தது. ஒன்று ஆட்டோ, ஒன்று சாமந்திக் கூடை.

வேன் நின்றுகொண்டிருந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கதவருகே தலைகளை எண்ணிக்கொண்டிருந்த அம்மாளிடம் மாமி எதுவும் கேட்கவில்லை, விலக்கிக்கொண்டு ஏறிவிட்டார். நான் பின்னாலேயே ஏறினேன்.

மூன்றாவது வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். கட்டம் போட்ட சட்டை. தலை முழுக்க வெளுப்பு. பக்கத்து ஜன்னல் சீட்டில் தன் வெள்ளைத் துண்டை விரித்து இடம் பிடித்து வைத்திருந்தார். மாமியைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"எவ்வளவு நாழி இடம் போட்டு வெச்சுண்டிருக்கறது?" என்றார். "நீ பாட்டுக்கு மசமசன்னு வரே. உக்காரு, ஜன்னல் சீட்."

மாமி துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம்தான் அழுதார். கணவருக்கு அது ஏன் என்று புரியவில்லை. துண்டின் ஒரு முனையை எடுத்து மாமியின் கண்ணைத் துடைக்கப் பார்த்தார்.

அந்தக் கும்பலின் தலைவியம்மா ரொம்பச் சங்கடப்பட்டார். அவர்களில் ஒவ்வொருத்தியும் அவரை இன்னொருத்தியின் கணவர் என்று நினைத்திருக்கிறாள். யாரோடு வந்தீர்கள் என்று கேட்டதற்கு, என் ஆத்துக்காரி வருகிறாள் என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னாராம். யாரையும் அந்த ஜன்னல் சீட்டில் உட்கார விடவில்லையாம். நான் வேலுவுக்குப் போன் செய்து போலீஸிடம் சொல்லச் சொன்னேன். அப்புறம் வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இறங்கும்முன் மாமி என்னைக் கூப்பிட்டார்.

"இப்படியே இவரை ஒரு படம் எடுங்கோ. இந்தச் சட்டையோட. என் போனுக்கு அனுப்பிடுங்கோ. ஒண்ணும் சரி பண்ணாதேங்கோ."

எடுத்தேன். நெற்றியில் போன வருடத்துத் தழும்பு, மூன்று நாள் தாடி, சட்டைக் காலரில் வியர்வைக் கறை. ஜன்னல் கண்ணாடியின் பச்சை மட்டும் முகத்தில் விழுந்திருந்தது. மாமி மடியில் கிடந்த துண்டின் வெள்ளையை வைத்து அந்தப் பச்சையை மட்டும் நீக்கினேன், வேறெதையும் தொடவில்லை.

நடந்ததை மாமி பையனிடம் மறைக்கவில்லை, அன்றைக்கே சொல்லிவிட்டார். ஹோம் பேச்சு இன்னும் முழுசாக அடங்கவில்லை என்று பிற்பாடு ஒருமுறை சொன்னார். ஆனால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரும் வெளியே கிளம்பும்போதெல்லாம் வாசல் கேட்டில் அவரை நிறுத்தி ஒரு படம் எடுத்துவிடுகிறார். சிலவற்றை எனக்கும் அனுப்புகிறார். பின்னால் செருப்பு ஸ்டாண்டு, தண்ணி கேன், பக்கத்து வீட்டு ஸ்கூட்டர், எல்லாம் தெளிவாகத் தெரியும். சில படங்களில் மாமியின் விரல் பாதியை மறைத்திருக்கும். உங்களில் யாரும் அந்தப் படங்களுக்கு லைக் போட மாட்டீர்கள். ஆனால் அவற்றில் எதைக் கையில் கொடுத்தாலும், எவ்வளவு பெரிய கூட்டத்திலும், முன்பின் பார்த்திராத ஒருவர்கூட அவரைக் கண்டுபிடித்துவிடுவார்.